யாரும் பதில் சொல்லாத மனிதர்

கூடுவாஞ்சேரிப் பூங்காவில் நேற்றுக் காலை நடந்த விவாதத்திலிருந்து நான் பாதியில் எழுந்து போனதில் உங்களில் சிலருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். காரணம் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். நாம் எல்லாரும் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். கருவூலம், பத்திரப்பதிவு, நீதிமன்றம், வருவாய்த்துறை என்று ஆளுக்கொரு மேசையில் ஆயுளைக் கழித்தவர்கள். ஒரு மனு எந்தப் படியில் ஏறும், எந்தப் படியில் உட்கார்ந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள். அப்படிப்பட்ட நாம், ஏதோ ஒரு தொடரில் பூட்டிய அறைக்குள்ளிருந்து ஏன் இருமல் சத்தம் மட்டும் வருகிறது என்று முக்கால் மணி நேரம் வாதாடினோம். அதுவரைகூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த இருமுகிறவருக்காக ஒருவர் கண் கலங்கினார் பாருங்கள், அங்கேதான் நான் எழுந்துவிட்டேன்.

அந்த மாதிரிக் கண்ணீரை நான் சின்ன வயதில் ஒரு கோடை முழுவதும் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை பார்க்கத் தெம்பில்லை.

சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு ஒரே பெட்டி, வக்கீல் வீட்டில். நான்கு கால், இழுத்துச் சாத்தும் மரக்கதவு, கதவுக்குப் பூட்டு. வானொலிக்கு எடுப்பது போல அதற்கும் தபால் அலுவலகத்தில் உரிமம் எடுக்க வேண்டும். வக்கீல் அந்த உரிமத்தைப் பெட்டியின் மேல் பூவேலைத் துணி விரித்துத் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார், யாராவது சோதனைக்கு வரமாட்டார்களா என்ற ஆசையோடு. கண்ணாடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் மாட்டியிருக்கும். மேலே நீலம், நடுவே ஆரஞ்சு, கீழே பச்சை. செய்தி வாசிப்பவருக்கும் சரி, உரம் போடச் சொல்லித் தருகிறவருக்கும் சரி, நெற்றி நீலமாகவும் கழுத்து பச்சையாகவும் இருக்கும். வண்ணத் தொலைக்காட்சி என்றார் வக்கீலின் மனைவி. அவர் வீட்டுச் சமுக்காளத்தில் உட்கார்ந்துகொண்டு அதை மறுக்க முடியாது.

அந்த வருடம் வாரம் ஒரு நாள் மாலையில் ஒரு தொடர் நாடகம் வந்தது. ஒரு பெரிய குடும்பம். கூடத்தில் ஒரு நாற்காலி. அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர். அவர் எல்லாரிடமும் பேசுவார். "என்னம்மா, சாப்பிட்டியா?" என்பார். "இன்னிக்கு மழை வரும் போலிருக்கே" என்பார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அவர் பக்கம் பார்க்கக்கூட மாட்டார்கள். வாரா வாரம் இதே கதை. ஏன் என்று நாடகம் சொல்லவில்லை. தெருவே அதைப் பற்றித்தான் பேசியது.

வக்கீல் முதல் வாரத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "செத்துப்போனவர். ஒரு சாட்சிகூட அவரைப் பார்க்கலை. வேற என்ன வேணும்?"

"அப்ப அந்தச் சின்னப் பொண்ணு அவர் பக்கத்துல காபி டம்ளரை வெச்சுதே சார்?" என்றார் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர். "அவர் அந்தக் குடும்பத்தோட மனசாட்சி."

"மனசாட்சிக்கு எதுக்கு சார் காபி?"

"செத்தவருக்கு மட்டும் எதுக்காம்?"

"படையல்!"

மருத்துவமனைக் கம்பவுண்டர் இருவரையும் கையமர்த்தினார். "மத்தவங்களுக்கு வசனம் எழுத ஆள் இல்லை. சர்க்கார் டிவி. இதுக்குப் போய் அடிச்சுக்கறீங்களே!"

இந்தச் சர்ச்சை நடக்கும்போதெல்லாம் சன்னலுக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான்கைந்து கூலிவேலைக் குடும்பங்கள் நின்று பார்க்கும். மூன்று மாதத்தில் வக்கீல் வீட்டிலிருந்து அவர்களிடம் ஒரு வார்த்தை போனதில்லை. அதை யாரும் புதிராக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி என் அப்பாவைப் பற்றி. அவர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகி, செங்கல்பட்டுக்கு வந்துவிட்டவர். அவருடைய தம்பி, என் சித்தப்பா, குப்பத்திலேயே கட்டுமரம் வைத்துத் தொழில் செய்தார். அப்போதுதான் கடற்கரைக்கு விசைப்படகுகள் வர ஆரம்பித்திருந்தன. குப்பத்தில் முதல் விசைப்படகு வாங்கியவர் நாட்டாரின் அக்கா மகன். நாட்டார் என்றால் ஊர்த் தலைவர். அவர் வாக்குதான் ஊர்ச் சட்டம். அந்தப் படகு ஒரு நாள் சித்தப்பாவின் வலைமேல் ஏறிக் கிழித்துவிட்டது. ஊர்க் கூட்டத்தில் முறையிட்டார். "கடல்ல வலை கிழியறது சகஜம்" என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள்.

சித்தப்பா அண்ணனிடம் வந்தார். அப்பா பேனாவை எடுத்தார். அவர் எழுதிய மனுவை நான் பின்னாளில் நினைத்துப் பார்த்திருக்கிறேன். மொழிநடையில் குற்றம் சொல்ல முடியாது. 'சமூகம் கருணைகூர்ந்து' என்று தொடங்கி 'கீழ்ப்படிதலுள்ள' என்று முடியும். ஆனால் அதை வட்டாட்சியருக்கு அனுப்பினார், நகல் காவல் நிலையத்துக்கு. போயிருக்க வேண்டிய இடம் மீன்வளத்துறை. அப்பாவுக்குத் தெரிந்த அலுவலகம் ஒன்றுதான். அதனால் உலகத்தின் எல்லாக் குறைகளும் அந்த வாசலில்தான் தீரும் என்று நம்பினார். நிலையத்திலிருந்து ஒரு காவலர் சைக்கிளில் வந்து, நாட்டார் வீட்டில் இளநீர் குடித்துவிட்டுப் போனார். அரசு எடுத்த நடவடிக்கை அவ்வளவுதான்.

ஊர் எடுத்த நடவடிக்கை வேகமானது. ஊரை மீறி ஸ்டேஷனுக்குப் போனவன் என்று சித்தப்பா குடும்பத்தை ஒதுக்கி வைத்தார்கள். யாரும் பேசக் கூடாது, கடையில் சாமான் தரக் கூடாது, அவர் மரத்தில் ஏறக் கூடாது. மீறினால் தண்டம். அவருடன் கடலுக்குப் போய்வந்த இரண்டு பேரும் மறுநாளே வேறு மரத்துக்குப் போய்விட்டார்கள். மூன்று பேர் தள்ளும் கட்டுமரத்தை ஒருவர் அலைக்குள் இறக்க முடியாது. மரம் மணலில் கிடந்தது. யாராவது பேசினால்தான் கடல்; கடலுக்குப் போனால்தான் அடுப்பு.

இந்த நிலையில்தான் அப்பா என்னை வழக்கம்போல் கோடை விடுமுறைக்கு அங்கே அனுப்பினார். அவர் பார்வையில் அது ஒரு தற்காலிக நிர்வாகச் சிக்கல். மனு நிலுவையில் இருக்கிறது, ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை.

நான் குப்பத்துக் குடும்பங்களின் தலைக்கட்டுக் கணக்கில் வராதவள். அதனால் என்னோடு எல்லாரும் பேசினார்கள். சித்தப்பா வீட்டு வாசல்வரை கையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வாசலில் கையை விட்டுவிடுவார்கள். ஒரு நாள் சின்னம்மா சொல்லாமலே, நானாக, கடைக்கு ஒரு படி உப்பு வாங்கப் போனேன்.

"யாருக்குப் பாப்பா உப்பு?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான்."

"படி உப்பையும் நீயே துன்னப் போறியா?"

தரவில்லை. மிட்டாய் கேட்டேன், தந்தார். மிட்டாயை நானே தின்றுவிடுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. சின்னம்மா வெயிலில் மாமல்லபுரம்வரை நடந்து போய் உப்பும் தீப்பெட்டியும் வாங்கி வந்தார். கருவாடு காயும் மணலில் கால் வைத்தால் தோல் உரியும் வெயில்.

குப்பத்திலும் ஒரு தொலைக்காட்சி இருந்தது. அரசு கொடுத்த பொதுப்பெட்டி. பழைய ரேடியோ அறையில் மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைத் தொடக்கப்பள்ளி வாத்தியாரிடம் கொடுத்திருந்தார்கள். வெளியூர்க்காரர். சித்தப்பாவை அங்கே வரவிடக் கூடாது என்று ஊரார் சொன்னபோது, "இது கவர்மெண்ட் பொட்டிங்க. ஒருத்தரை வராதேன்னு நான் சொன்னா என் வேலை போயிடும்" என்று கும்பிட்டிருக்கிறார். அது வீரமில்லை, சுற்றறிக்கை பயம். ஆனாலும் பலன் கிடைத்தது. சித்தப்பா வரலாம், உட்காரலாம். பேச்சு மட்டும் கிடையாது. செங்கல்பட்டில் அப்பா இதைத் தன் மனுவின் முதல் வெற்றியாகச் சொல்லிக்கொண்டார்.

வாரா வாரம் அதே நாடகம் அங்கேயும் ஓடியது. முதல் நாள் நான் போனபோது அறைக்குள் மீன் வாடையும் பீடிப் புகையும், பெட்டி சூடாகும்போது வரும் ஒரு கருகல் வாசனையும் இருந்தது. சித்தப்பா தூணோரம் தனியாக உட்கார்ந்தார். அவரைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத் தரை காலியாக இருந்தது. பெண்கள் பக்கத்தில் கூடைக்காரம்மாவுக்கு அருகே எனக்கு இடம் கிடைத்தது. சந்தைக்கு மீன் சுமந்து போகிறவர். குரல் அலையைத் தாண்டிக் கேட்கும்.

வெள்ளைச் சட்டை மனிதர் பேசினார். யாரும் பதில் சொல்லவில்லை. நான் வக்கீல் வீட்டு ஞானத்தோடு கேட்டேன்: "அவர் செத்துட்டாரா?"

"அய்ய! இன்னா பேச்சு பாப்பா இது? கால் மேல கால் போட்டுக் குந்திகினு கீறாரு, செத்துட்டாராங்கிற? ஒதுக்கி வெச்சிருக்காங்க. பாத்தா தெரில?"

அறை முழுக்கத் தலையாட்டியது. செங்கல்பட்டின் படித்த மூளைகள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் இங்கே புதிரே இல்லை. ஒரு மனிதன் பேசுகிறான், யாரும் பதில் சொல்லவில்லை என்றால் அவனை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், வேறென்ன? அவர்கள் சர்ச்சையெல்லாம், என்ன குற்றத்துக்காக என்பதுதான்.

"பாகப் பிரிவினைல கோர்ட்டுக்குப் போயிருப்பான்" என்றார் வலை பின்னும் கிழவர். "மூஞ்சில எய்தி ஒட்டியிருக்குது."

"இல்ல, பொம்பள விசயம்" என்றார் விசைப்படகுக்காரர், அதாவது நாட்டாரின் அக்கா மகன்.

"த, சும்மா கெட! அந்த மூஞ்சிக்கு எவ வருவா?" என்றார் கூடைக்காரம்மா. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு அவரே கவலைப்பட்டார்: "அந்தப் புள்ள ஒன்னும் அறியாம காபி குடுத்துருச்சே. அதுக்குத் தண்டம் போட்ருவானுங்களே, பாவிங்க."

கடைசியில் நாட்டார் தொண்டையைச் செருமினார். "எதுவா வேணா இருக்கட்டும். அந்த வூட்ல பெரியவரு ஒருத்தரு கீறாரு இல்ல? கடைசி வாரம் அவரு இவனைப் பேர் சொல்லிக் கூப்புடுவாரு. கூப்ட்டா முடிஞ்சிது. அதான் மொறை."

குப்பத்தில் அதுதான் முறை. நாட்டார் ஊர் முன்னால் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விலக்கு நீங்கியது. ஆணை கிடையாது, நகல் கிடையாது, பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புதல் கிடையாது. நான் பார்த்த நடைமுறைகளிலேயே மிகச் சுருக்கமானது அது ஒன்றுதான்.

அடுத்து ஒரு வாரம் நாடகத்தில் அந்த மனிதர் மழையில் நனைந்த குடையோடு வந்து கதவைத் தட்டினார். வேலைக்காரர் கதவைத் திறந்து, அவருக்கு அப்பால் தெருவைப் பார்த்துவிட்டுச் சாத்திவிட்டார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கூடைக்காரம்மா விக்கி விக்கி அழுதார். "எத்தினி நாளுப்பா ஒரு மனுசன் பேச்சில்லாம கெடப்பான்? கல்லு மனசுக்காரனுங்க! நல்லா இருப்பானுங்களா?" விசைப்படகுக்காரர்கூட மூக்கை உறிஞ்சினார். நாடகம் முடிந்ததும் கூடைக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து நடந்தார். தரையில் ஊன்றியிருந்த சித்தப்பாவின் கைமேல் அவர் கால் பலமாக மிதித்தது. நின்றார். "அய்யோ" என்று சொல்ல வாய் திறந்தது. மூடிக்கொண்டு போய்விட்டார். அதே முகம், அதே ஈரம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த ஈரத்தை நினைத்தால் எனக்கு அருவருப்பு போகவில்லை.

சித்தப்பாவுக்கோ அது நல்ல சகுனமாகப் பட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது மிதிபட்ட விரல்களை நீவிக்கொண்டே, "பாத்தியா, ஊரு எளகிக்கினு வருது" என்றார்.

"டிவிக்கு எளகுது. உனுக்கு இல்ல" என்றார் சின்னம்மா.

"அதுக்கு எளகுனது இதுக்கு எளகாதா? அந்தப் பெரியவரு கூப்புடட்டும். அன்னிக்கே நம்ம பெரியவரும் கூப்புடுவாரு, பாரு."

கடைசி வாரம் வந்தபோது சித்தப்பாவின் ஒரே வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுக் காயவைத்தது சின்னம்மாதான்.

அன்று அறை கொள்ளவில்லை. ஆன்டெனாவைத் திருப்ப ஒருவர் சவுக்குக் கம்பத்தின் மேல் இருந்தார். "வருதா?" "வருது… போச்சு… த, இந்தாண்ட திருப்பு… வருது, அப்பிடியே புடி!" நாடகம் தொடங்கியது. நாட்டார் சொன்னது பலித்தது. வீட்டுப் பெரியவர் கூடத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அதுவரை காட்டாத ஒரு சுவரைக் காட்டினார்கள். பெரியவர் பார்த்துக் கூப்பிட்டது ஒரு புகைப்படத்தை. புகைப்படத்துக்கு மாலை போட்டிருந்தது. முற்றும்.

"செத்தவனா?" என்று முதலில் கத்தியது கூடைக்காரம்மா. "இத்தினி வாரமா செத்தவனுக்கா நான் அய்தேன்?"

"ஏமாத்திட்டானுங்க" என்றார் வலை பின்னும் கிழவர். "அப்ப காபி எப்பிடிக் குடிச்சான்?"

"குடிக்கல. வெச்ச மேனிக்கு இருந்துச்சி."

"ஒரு வாட்டி டம்ளரு காலியா இருந்துச்சிடா, நான் பாத்தேன்!"

நாட்டார் எழுந்து நின்றுவிட்டார். அவர் வாக்குப் பொய்த்ததில் முகம் சிவந்திருந்தது. "இது தப்பு. மொறையே இல்லாம கதை கட்டியிருக்கான்."

அந்தக் கூச்சலுக்கு நடுவே, தூணோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சித்தப்பா பேசினார். மன்னிப்புக் கேட்கவில்லை, வலையைப் பற்றிப் பேசவில்லை. மற்றவர்களைப் போல அவரும் நாடகம் பார்த்தவர், அவ்வளவுதான். "அன்னிக்கு மழைல கொடை நனைஞ்சிருந்துச்சே. செத்தவன் கொடை எப்பிடி நனையும்?"

நாட்டார் சரேலென்று அவர் பக்கம் திரும்பினார். சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, கையை நீட்டி, "அதான்டா நானும் கேக்குறேன்! கொடை எப்பிடி நனையும்?" என்றார்.

அறை அடங்கியது. பெட்டியில் மட்டும் யாரோ ஒருவர் நெற்பயிருக்கு எப்போது உரம் வைப்பது என்று விளக்கிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார். சித்தப்பா நாட்டாரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிக்கலாமா என்று உதடு யோசித்துக்கொண்டிருந்தது. ஊர் முன்னால், பெயர் சொல்லி, கூப்பிட்டாயிற்று. விலக்கு நீங்கிவிட்டது. நீங்கினால் கிழிந்த வலையின் பேச்சும் மறுபடி ஊர்க் கூட்டத்துக்கு வரும். அது யாருக்கு முதலில் புரிந்ததோ அவர்தான் பேசினார்.

"மாமா," என்றார் விசைப்படகுக்காரர், "யாராண்ட பேசுனீங்க?"

நாட்டார் தோள்துண்டை எடுத்து உதறினார். திரும்ப மடித்தார். தோளில் போட்டார். "யாராண்ட பேசுவேன்? பொட்டியாண்ட பேசுனேன்."

"ஆமா, பொட்டியாண்டதான் பேசுனாரு" என்றார் கூடைக்காரம்மா. "நான் பாத்துக்கினுதான இருந்தேன்."

"இல்ல!" என்று நான் கத்தினேன். "சித்தப்பாகிட்டதான் பேசினார். பேர் சொன்னாரே!"

"அது நாடகத்து ஆளு பேரு பாப்பா" என்றார் வலை பின்னும் கிழவர், அன்பாக.

நாடகத்து ஆளின் பெயர் வேறு. சற்று முன்தான் எல்லாரும் சேர்ந்து கேட்டிருந்தோம். நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் மர அலமாரியின் கதவுகளை இழுத்துச் சாத்தி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தார். அரசு உடைமை பத்திரமாக இருந்தது. ஒவ்வொருவராக வெளியே போனார்கள். குடையைப் பற்றிய சர்ச்சை வாசலுக்கு வெளியே மறுபடி தொடங்கியது.

விடுமுறை முடிந்து என்னை அழைத்துப் போக வந்த அப்பா நடந்ததைக் கேட்டார். வாய்மொழி உத்தரவுக்கு மதிப்பில்லை என்றார். பிறகு செங்கல்பட்டில் ஒரு விதைக் கிடங்கில் சித்தப்பாவுக்குக் காவலாளி வேலை வாங்கிக் கொடுத்தார். தம்பியைக் கரையேற்றிவிட்டதாகக் கடைசிவரை நம்பினார். கரையேறுவதுதான் சித்தப்பாவுக்கு நேர்ந்த நஷ்டம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. கட்டுமரத்தை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. கேட்பதென்றால் பேச வேண்டும். அது மணலில் கிடந்தது. அடுத்த வருடம் கட்டுக் கயிற்றைக் காணோம். அதற்கடுத்த வருடம் மரத்தையும் காணோம். ஒதுக்கப்பட்டவரிடம் பேசக் கூடாது என்றுதான் விதி. அவர் மரத்தை அடுப்பில் வைக்கக் கூடாது என்று விதி இல்லை.

சித்தப்பாவும் சின்னம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வாரம், வக்கீல் வீட்டில் அந்த நாடகத்தைப் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. வக்கீல் வெற்றிக் களிப்பில் இருந்தார். அப்பா தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். சித்தப்பா கதவோரம், சுவரில் முதுகு பட உட்கார்ந்தார். அறிவியல் ஆசிரியர் இன்னும் மசியவில்லை. படத்துக்கு மாலை போட்டிருந்தாலும் அது மனசாட்சியின் படம்தான் என்றார். வக்கீலுக்குப் புதிதாக ஒரு ஆள் தேவைப்பட்டது.

"நீங்களும் பார்த்தீங்களாமே," என்றார் சித்தப்பாவை நேராகப் பார்த்து. "நீங்க சொல்லுங்க. அவரை என்னன்னு நினைச்சீங்க?"

சித்தப்பா திரும்பி, தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். சுவர்தான் இருந்தது. மறுபடி வக்கீலைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். வக்கீல் அதைத் தன் கட்சிக்குச் சாதகமான மௌனமாக எடுத்துக்கொண்டு அடுத்த ஆதாரத்துக்குப் போனார்.